இலங்கையில் பறவை பார்க்கப் போனால் வழிகாட்டி அவசியமா?

சிங்கராஜா வனத்துக்கு என்றால் கேள்விக்கே இடமில்லை, வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் தனியாகப் போய்ப் பயனில்லை. அங்கே நெடுநேரம் ஒரு பறவையும் தென்படாது. அப்புறம் ஆரஞ்சு அலகுச் சிலம்பன்கள் சளசளத்துக்கொண்டு வரும், கூடவே கரிச்சான். இவற்றோடு பல இனங்கள் கலந்த பெருங்கூட்டம் இரை தேடி நகரும். அந்தச் சத்தத்தைத் தூரத்திலேயே பிடிக்கப் பழகிய காது வேண்டும். செரண்டிப் ஆந்தையின் குரலை 1995இல் கேட்டார்கள், ஆளைப் பார்க்க 2001 ஆகிவிட்டது!

ஜனவரி முதல் மார்ச் வரை மழை ஓரளவு குறைவு. அட்டைக்கடிக்குத் தனிக் காலுறை வேண்டும். பதிவுசெய்த குரலை ஃபோனில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வழிகாட்டி என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூடு கட்டும் காலத்தில் அது பெரும் தொல்லை.