அப்பா விட்டுப்போன பழைய ஷேவிங் செட்டைப் பயன்படுத்தலாமா, இல்லை ஞாபகமாக மட்டும் வைத்துக்கொள்வதா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா கடந்துபோக முடியவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தூக்கிப்போட மனசு வராது, முகத்தில் வைக்கவும் கை வராது. நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

பயன்படுத்துங்கள். நன்றாகக் கழுவுங்கள், ஆனால் பாலிஷ் போடாதீர்கள், புது முலாம் பூசக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் மகள். அப்பாவின் சாமான்களைப் பிரித்தபோது நான் கேட்டது அந்த டப்பா ஒன்றைத்தான். "ரேஸர் உனக்கு எதுக்கு?" என்றான் அண்ணன். கடைசி ஏழு மாதம் அப்பாவுக்குக் கை நடுக்கம் அதிகமாகிவிட்டது. அவருக்கு சவரம் செய்துவிட்டது நான்தான். முதல் நாள் எனக்கும் கை நடுங்கியது. "அழுத்தாதேம்மா, ரேஸரோட கனமே போதும்" என்றார். தோலை இடது கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுமார் 30 டிகிரி சாய்வில், முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். கன்னம் சுலபம். கழுத்தின் இடது பக்கம்தான் சிரமம், அங்கே அவருக்கு முடி குறுக்கு வாட்டமாகக் காதை நோக்கி வளரும். நாலைந்து தடவை கீறிய பிறகுதான் அது எனக்குப் பிடிபட்டது. கீறினபோதெல்லாம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதை இங்கே சொல்வது பொருத்தமில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், மூக்குக் குழாயை ஒட்டுவதற்காக அவர் மீசையை மழித்துவிட்டார்கள். ஐம்பது வருஷ மீசை. தேவைப்பட்டிருக்கலாம், நான் மறுக்கவில்லை. அவர் நினைவோடுதான் இருந்தார், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று முழுவதும் மேலுதட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, ரேஸருக்கு வருகிறேன். அது தாத்தா வாங்கி அப்பாவுக்கு வந்த ஜில்லெட் சூப்பர் ஸ்பீடு. 1947-இல் அறிமுகமான வகை. கைப்பிடியின் அடியில் உள்ள குமிழைத் திருகினால் தலையில் இரண்டு கதவுகள் திறக்கும், பிளேடை உள்ளே வைத்து மூட வேண்டியதுதான். தலையின் அடிப்பக்கத்தில் 'எஃப் 3' என்று பொடியாகப் பொறித்திருக்கிறது. அமெரிக்காவில் செய்த ஜில்லெட் ரேஸர்களில் அந்த எழுத்து வருஷம், எண் காலாண்டு. இதில் எஃப் என்றால் 1960, 3 என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை. உங்களுடையதிலும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

அந்தக் குமிழில் நிக்கல் பூச்சு தேய்ந்து, பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது. என் கட்டைவிரலை வைத்தால் சரியாக அங்கேதான் போய் உட்காருகிறது. அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னான், புதிதாக முலாம் பூசி, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டலாம் என்று. நான் தரவில்லை. தாத்தாவும் அப்பாவும் திருகித் திருகித் தேய்ந்த இடம் அது. அதை மூடிவிட்டால் இதே மாதிரி வேறொரு ரேஸருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"அடுத்தவர் ரேஸரா, சுகாதாரம் இல்லையே" என்று யாராவது வருவீர்கள் என்று தெரியும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாளாவது தாங்கும், ரத்தம் பட்ட பிளேடு மூலம் பரவும். அதனால் ஒரே காலத்தில் இரண்டு பேர் ஒரு ரேஸரைப் பகிரவே கூடாது, அது அப்பாவும் மகனுமாக இருந்தாலும் சரி. ஆனால் வருஷக்கணக்கில் டப்பாவில் கிடந்ததில், பழைய பிளேடை எறிந்துவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் இடுக்குகளைத் தேய்த்து, காய்ந்தபின் ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும். பிளீச், வினிகர் வேண்டாம், பூச்சு போய்விடும். கொதிக்க வைக்கவும் வேண்டாம். இப்போது விற்கும் இருபக்க பிளேடு இதில் அப்படியே பொருந்துகிறது.

பிரஷ் மட்டும் வேறு விஷயம். முதல் உலகப்போர்க் காலத்தில் சரியாகச் சுத்திகரிக்காத விலங்கு முடி பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் பரவியிருக்கிறது. உங்களுடையது அவ்வளவு பழசு என்றால் முகத்தில் வைக்காதீர்கள். அப்பாவின் பிரஷ் அவ்வளவு பழசில்லை, ஆனால் முடி கொட்டுகிறது, அதனால் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வருஷம் என் மகன், பல பிளேடு வைத்த ரேஸர் போட்டால் கழுத்தெல்லாம் சிவந்து கொப்புளமாகிறது என்று புலம்பினான். டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். யாரிடம் கற்றுக்கொள்வது என்று கேட்டான். கண்ணாடி முன்னால் நிற்கவைத்து நானே சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கும் கழுத்தின் இடது பக்கத்தில் முடி குறுக்கு வாட்டமாகக் காதை நோக்கித்தான் வளர்கிறது. அந்த இடத்தில் மணிக்கட்டை எப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.