பத்து நாள் வெயிலை நம்பி நடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். வேலை புளூமிங்டனில். நான்கு வருடத்துக்கு முன் இல்லினாய் மாநிலத்தில் கிளின்டன் ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் வாங்கினோம். நிலம் சரிவாக இறங்கி சால்ட் கிரீக் ஓடையை ஒட்டி முடிகிறது. தண்ணீர் வசதிக்காகக் கீழ்க்கோடியில் மூன்று வரிசையாக நாற்பது ஆப்பிள் வைத்தேன். போன வருடம் நன்றாகப் பூத்தும் மேல் வரிசையில் மட்டும்தான் கொஞ்சம் காய். தேனீ வராததுதான் காரணம் என்று கடையில் சொன்னார்கள். இப்போது மார்ச் பாதிதான் ஆகிறது, செல்போனில் பத்து நாளைக்கும் 70 டிகிரி (பாரன்ஹீட்) காட்டுகிறது. அரசாங்க வானிலை வரைபடமும் முழுக்கச் சிவப்பு. ஆப்பிள் மொட்டு வெடித்துப் பச்சை எட்டிப் பார்க்கிறது. ஜனவரியில் வீட்டுக்குள் போட்ட 120 தக்காளி நாற்று ஓரடி உயரமாகி ஒடிகிறது. அவற்றை இப்போதே நட்டுவிடலாமா? டில்லர் ஓட்டி மண்ணைத் தயார் செய்யலாமா? உறைபனியைத் தடுக்கும் ஸ்ப்ரே ஒன்று கேலன் கணக்கில் விற்கிறார்கள், வாங்கட்டுமா? இந்த வருடம் கடைசி உறைபனி எப்போது?

பதில்: தம்பி, நட வேண்டாம், டில்லர் வேண்டாம், ஸ்ப்ரேயும் வேண்டாம். கடைசி உறைபனி உங்கள் பகுதியில் சராசரியாக ஏப்ரல் பிற்பாதியில் வரும். சராசரி என்பதால், அதைத் தாண்டி மே மாதத்திலும் வரும்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. மூன்று வரிசையும் ஒரே நாளில் பூத்திருக்க, மேல் வரிசை மட்டும் ஏன் காய்த்தது? தேனீ இல்லை என்று சொன்ன கடைக்காரர் அதோடு என்ன விற்றார் என்று நீங்கள் எழுதவில்லை. எதையாவது விற்றிருப்பார். மேல் வரிசைக்கு வழி தெரிந்த தேனீக்கு இருபதடி கீழே இருக்கும் வரிசைக்கு வழி தெரியாமலா போகும்?

கீழ் வரிசைப் பூக்களைக் கொன்றது குளிராகத்தான் இருக்கும். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் மண் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். மண்ணை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் தண்ணீர் மாதிரியே இறங்கி, பள்ளத்தில் தேங்கும். நம் ஊரில் தாழ்ந்த நிலம் என்றால் நல்ல நிலம், வாய்க்கால் பாயும் நஞ்சை. அந்த நினைப்பில் ஓடையோரம் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். இங்கே பழமரத்துக்குச் சரிவின் நடுப்பகுதிதான் நஞ்சை. ஓடையோரம் குளிர் கட்டி நிற்கும் குட்டை.

ஓடைக்கரையில் புதர் அடர்ந்திருக்கிறதா, மரவேலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கிளின்டன் பக்கத்து ஓடைகளில் பெரும்பாலும் இருக்கும். அப்படியிருந்தால் அது குளிருக்குப் போட்ட வரப்பு. நிலத்தின் கடைசித் தாழ்விடத்தில் இரண்டு மூன்று இடங்களில், தரையிலிருந்து ஆள் உயரம் வரை புதரைக் கழித்துக் குளிருக்கு மடை திறந்துவிடுங்கள். ஒரு சனிக்கிழமை வேலை, செலவு கிடையாது.

இப்போது உங்கள் செல்போன் 70 டிகிரிக்கு வருவோம். அந்த எண் உங்கள் நிலத்துடையது அல்ல. 'கிளின்டன்' என்று ஊர்ப் பெயரைப் போட்டால் ஊருக்குப் பொதுவாகக் கணிப்பொறி போட்ட கணக்கு வரும். அதுவும் ஆள் உயரத்தில் இருக்கும் காற்றுக்கு. அமைதியான இரவில் தரையை ஒட்டி அதைவிடப் பல டிகிரி குறையும், பள்ளத்தில் இன்னும் குறையும். செல்போன் 36 என்றால் உங்கள் கீழ் வரிசையில் 29 இருக்கலாம், அதாவது உறைநிலையான 32-க்கும் கீழே. அதோடு, ஏழு நாளைத் தாண்டிய கணிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து நாளுக்கு மேல் போனால் பாதிக்குப் பாதிதான் பலிக்கும் என்று வானிலைத் துறையே சொல்கிறது. பிப்ரவரி 2-ஆம் தேதி இதே மாநிலத்தின் வுட்ஸ்டாக் ஊரில் கிரவுண்ட்ஹாக் என்ற வளைப் பிராணி ஒன்றைத் தூக்கிப் பிடித்து வசந்தம் சீக்கிரம் வருமா என்று கேட்கிறார்களே, அதற்கும் பத்தாவது நாள் கணிப்புக்கும் பெரிய தூரமில்லை.

சிவப்பு வரைபடத்தையும் தவறாகப் படித்திருக்கிறீர்கள். ஆறு முதல் பத்து நாள், எட்டு முதல் பதினான்கு நாள் என்று வரும் அந்தப் படங்களின் நிறம், வெப்பம் எவ்வளவு என்பதைக் காட்டுவதில்லை. வழக்கத்தைவிடச் சூடாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் காட்டுகிறது. 60 விழுக்காடு என்று போட்டிருந்தால் மீதி 40-ம் அதற்குள் இருக்கிறது. மார்ச் நடுவில் உங்கள் பகுதியின் வழக்கமே இரவில் 30-களின் தொடக்கம். அதைவிட நான்கு டிகிரி கூடினாலும் ஓடையோரம் உறையும்.

கணிப்பு பார்க்கவே வேண்டாமா? பாருங்கள், ஆனால் பகல் வெயிலைப் பார்க்காதீர்கள். அரசாங்க வானிலைத் துறையான நேஷனல் வெதர் சர்வீஸ் தளத்தில் வரைபடத்தில் உங்கள் நிலத்தின் மேலேயே சொடுக்கலாம். உங்களுக்கான அலுவலகம் பக்கத்துக் கவுண்டியில், லிங்கனில் இருக்கிறது. அதில் மணிக்கு மணி வரும் கோட்டுப்படத்தைத் திறந்து பனிப்புள்ளி (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை), காற்று வேகம், மேகம் மூன்றையும் பாருங்கள். பனிப்புள்ளி 20-களில், காற்று மணிக்கு ஐந்து மைலுக்குக் கீழ், வானம் வெட்டவெளி என்றால் அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் இல்லை. பனிப்புள்ளி 40-ஐ ஒட்டி இருந்தால் காற்றின் ஈரம் படியும்போதே சூட்டை விடும், குளிர் சட்டென்று இறங்காது.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஏமாந்த வருடம் 2012. அந்த மார்ச்சில் இல்லினாயில் சட்டையைக் கழற்றிப் போடும் வெயில். மாநிலப் பதிவிலேயே மிகச் சூடான மார்ச் அதுதான். எங்கள் பீச் மரங்கள் மாதம் முடியும் முன்பே பூத்துவிட்டன, பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஏப்ரலில் தெளிந்த இரவுகள் வந்தன. விடிந்து நாற்பது பூவைப் பிளேடால் அரிந்தேன், ஒன்றில்கூட நடுவில் பச்சை இல்லை. மிச்சிகனில் ஆப்பிள் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு அந்த வருடம் போயிற்று, புளிப்புச் செர்ரியும் அப்படியே. அதனால்தான் சொல்கிறேன், மார்ச் வெயில் மரத்துக்கு உதவி செய்வதில்லை, போர்வையைப் பிடுங்குகிறது.

ஆப்பிள் மொட்டு எந்தக் குளிரைத் தாங்கும் என்பது அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்களுடையது இப்போது பச்சை நுனி. இந்த நிலையில் 18 டிகிரிக்குப் போனால்தான் பத்தில் ஒன்று சாகும். பத்துக்கு ஒன்பது சாக 10 டிகிரி வரவேண்டும். ஆகவே இன்று பயப்பட ஒன்றும் இல்லை. மொட்டுக்கொத்து தெளிவாகத் தெரிந்தால் 27-க்குப் பத்தில் ஒன்று, 21-க்கு ஒன்பது. இளஞ்சிவப்பு முழுதாகத் தெரிவதிலிருந்து பூ உதிரும் வரை 28-க்கு ஒன்று போகும், 25-க்கு ஒன்பது போகும். அந்த மூன்று டிகிரிக்குள்தான் உங்கள் வருடம் இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆப்பிளில் நூறு பூவுக்குப் பத்துக்கும் குறைவாகக் காய் பிடித்தாலே நல்ல விளைச்சல். குளிர்ந்த இரவுக்கு மறுநாள் கொஞ்சம் மொட்டு பறித்து, சில மணி நேரம் அறைச் சூட்டில் வைத்து, குறுக்கே அரிந்து பாருங்கள். நடு கறுத்திருந்தால் செத்தது. பாதி கறுத்திருந்தாலும் ஓடிப்போய் எதையும் வாங்காதீர்கள்.

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பார்ப்பவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டில் கேலிப்பொருளாகிவிட்டேன்: இரவின் மிகக் குறைந்த அளவைப் பதிந்து வைக்கும் சாதாரணத் தெர்மாமீட்டர் இரண்டு. ஒன்று கீழ் வரிசையில், ஒன்று மேல் வரிசையில், மொட்டு உயரத்தில். கட்டும் முன் இரண்டையும் ஐஸ் கலந்த தண்ணீரில் கலக்கிப் பாருங்கள், 32 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எத்தனை தவறு என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். தினமும் காலையில் மூன்று எண்ணை நோட்டில் எழுதுங்கள்: கீழ், மேல், முந்தின நாள் வெதர் சர்வீஸ் உங்கள் இடத்துக்குச் சொன்னது. இருபது அமைதியான இரவு முடிந்தால் 'அவர்கள் சொல்வதில் இத்தனை கழித்தால் என் கீழ் வரிசை' என்ற கணக்கு கையில் வந்துவிடும். அந்தக் கழித்தல் எண்ணை உலகத்தில் எந்த ஆப்பும் உங்களுக்குத் தராது. ஐந்நூறு டாலருக்கு வைஃபை வானிலை நிலையம் விற்கிறார்களே, அதை வாங்கியவர்கள் வீட்டுக் கூரையில் மாட்டிவிட்டுக் கூரையின் குளிரை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

ஸ்ப்ரே விஷயம். பனிப்படிகம் உருவாக இலையில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் உதவுகின்றன என்பது உண்மை, அந்த உண்மையின் முதுகில் ஏறித்தான் பாதிப் புட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. அது காப்பாற்றிய மொட்டு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. விற்பவரிடம், தெளித்த வரிசையையும் தெளிக்காத வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள்.

டில்லர் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். கிளறிப் பொலபொலவென்று விட்ட மண்ணில் காற்று நிறைந்திருக்கும். பகல் சூடு உள்ளே போகாது, இரவில் வெளியே வராது. இறுகிய, ஈரமான, வெறும் மண்தான் இரவில் சூடு தரும், புல் மூடிய தரையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே. ஆகவே மரத்தடிப் புல்லை ஒட்ட வெட்டுங்கள், மல்ச் (மூடாக்கு) போட்டிருந்தால் பூ முடியும் வரை விலக்கி வையுங்கள், மண் காய்ந்திருந்தால் குளிர் வரும் முந்தின நாள் நனைத்துவிடுங்கள். ஸ்பிரிங்க்ளரை மரத்தின் மேலேயே இரவெல்லாம் ஓட்டும் வித்தை உண்டு, ஆனால் பாதியில் நின்றால் மரம் இன்னும் குளிர்ந்துபோகும். கிணற்று மோட்டாரை நம்பி அதில் இறங்காதீர்கள்.

இரண்டாவது காரணம், அந்தக் கறுப்பு மண். டிரம்மர் என்ற கறுப்பு மண் வகையை இல்லினாயின் மாநில மண் என்றே அறிவித்திருக்கிறார்கள், அவ்வளவு வளம். ஆனால் மார்ச்சில் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பாருங்கள், கொழுக்கட்டை பிடிக்கலாம். அதில் டில்லரை விட்டால் கட்டி கட்டியாகி, கோடை முழுக்க அந்தக் கட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். உங்கள் பக்கத்து மக்காச்சோளக்காரர் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவர், 70 டிகிரி வெயிலில் அவர் டிராக்டர் ஏன் ஷெட்டிலேயே நிற்கிறது என்று யோசித்தீர்களா? நாலு அங்குல ஆழத்தில் மண் 50 டிகிரி வந்து, அடுத்த சில நாளும் அது இறங்காது என்று தெரிந்தால்தான் அவர் விதைப்பெட்டியைத் திறப்பார். ஆடிப் பட்டம் தேடி விதைத்த நமக்குப் பட்டம் காலண்டரில் இருக்கிறது. இவர்களுக்கு மண்ணுக்குள் நாலு அங்குலத்தில் இருக்கிறது. மாநில நீர் ஆய்வு அமைப்பு அந்த நாலு அங்குல அளவைத் தினமும் இலவசமாக வெளியிடுகிறது.

தக்காளி. ஜனவரியில் விதைத்தது ஆசை. நடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்புதான் விதைக்க வேண்டும், அதாவது இப்போதுதான். இங்கே பழைய ஆட்கள் மதர்ஸ் டே வரை தக்காளியை வெளியே விடமாட்டார்கள். அது மே இரண்டாம் ஞாயிறு. ஒடியும் நாற்றில் நன்றாக இருக்கும் முப்பதைப் பெரிய தொட்டியில், கழுத்து வரை மண்ணில் புதைத்து மாற்றி வையுங்கள், தண்டிலிருந்து வேர் விடும். மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த வாரம் புது விதை போடுங்கள். ஜூன் மாதம் புதுசு பழசைப் பிடித்துவிடும்.

கை சும்மா இருக்காது என்றால் மேட்டில், தண்ணீர் வடியும் பாத்தியில் மண் உதிர்ந்தால் பட்டாணி, பாலக், முள்ளங்கி, வெங்காயம் போடலாம். கொத்தமல்லியும் வெந்தயமும் லேசான குளிரைப் பொறுத்துக்கொள்ளும், மார்ச் கடைசியில் கொஞ்சமாகத் தூவிப் பாருங்கள்.

2007 ஈஸ்டர் வாரம் மாதிரி காற்றோடு நாள்கணக்கில் வடக்கிலிருந்து இறங்கும் குளிர் வந்தால், மேல் வரிசை கீழ் வரிசை வித்தியாசமே இருக்காது. மடை, ஈரமண், வெட்டிய புல் எதுவும் அப்போது உதவாது. அந்த வருடம் கோதுமைக்காரர்கள், பழத்தோட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தே அடிபட்டார்கள். அப்படி வந்தால் உள்ளே போய்ப் படுங்கள்.

இனி ஆப்பிள் வைப்பதாக இருந்தால் சரிவின் நடுவில் வையுங்கள். கீழே இருக்கும் நாற்பதை இப்போதே பிடுங்க வேண்டாம். நோட்டில் இருபது இரவு சேர்ந்ததும் கீழுக்கும் மேலுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி அனுப்புங்கள், எந்த வரிசையை வைத்துக்கொள்வது என்று அப்போது பேசலாம்.