வியன்னாவின் எழுத்தாளர்களும் கலைஞர்களும் ஏன் காபி ஹவுஸில் கூடினார்கள்?

வியன்னா காபி ஹவுஸ் என்பது ஒரே ஒரு காபி வாங்கிவிட்டு மணிக்கணக்கில் உட்காரக்கூடிய கடை. 1900 வாக்கில் அந்நகரில் வீட்டுப் பஞ்சம் கடுமை. வாடகை அறைகள் சின்னவை. குளிர்காலத்தில் அவற்றைச் சூடாக்கவே தனியாகச் செலவாகும். கடையிலோ கதகதப்பு, வெளிச்சம், இலவசமாகப் படிக்கப் பல ஊர்ச் செய்தித்தாள்கள். எழுந்து போகச் சொல்ல யாருமில்லை. பேச அனுமதி உள்ள நூலக வாசிப்பறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர் பீட்டர் ஆல்டன்பெர்க் தன் கடிதங்களையே கஃபே சென்ட்ரல் என்ற காபி ஹவுஸின் முகவரிக்கு வரவழைத்தார். ஒரு கடையை அவ்வளவு சொந்தமாக நினைக்க முடிந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம், அங்கே கலைஞர்கள் மட்டுமே வந்தார்கள் என்பது தவறு. மருத்துவர்கள், வணிகர்கள், சதுரங்கப் பிரியர்கள் எல்லாருமே பக்கத்து மேசைகளில் இருந்தார்கள். ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியும் அங்கே சதுரங்கம் ஆடியவர்தான்.