இலையின் மடிப்பில் ஒளிந்த ரத்தப் பொரியல்

கேள்வி: எனக்கு வயது 27. சொந்த ஊர் கோவைப் பக்கம். வேலை மாற்றலாகி மதுரைக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டில் கோழியும் எப்போதாவது ஆட்டுக்கறியும் மட்டும்தான் சமைப்பார்கள். இங்கே அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஆறே மேசைகள் கொண்ட ஒரு மெஸ் இருக்கிறது. மதியம் வாசலில் காத்து நின்றுதான் இடம் பிடிக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் உடன் வேலை செய்பவர்கள் என்னையும் அழைத்துப் போவார்கள். அவர்கள் குடல், மூளை, சுவரொட்டி (மண்ணீரல்) என்று வாங்குவார்கள். நான் கோழி வறுவலோடு நிறுத்திக்கொள்வேன். இரண்டு வாரங்களுக்கு முன்பு மூத்தவர் ஒருவர், "சாப்பிட்டுப் பார், தம்பி" என்று ஒரு கரண்டி ரத்தப் பொரியலை என் இலையில் வைத்தார். என்னால் வாயில் வைக்க முடியவில்லை. இலையின் ஓரத்தை மடித்து அதற்குள் தள்ளிவிட்டேன். அவர் பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. போன சனிக்கிழமை என்னை யாரும் அழைக்கவில்லை. இதையெல்லாம் நான் சாப்பிடப் பழகத்தான் வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது? உடம்புக்கு ஏதும் செய்யாதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: அவர்கள் கோபித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறீர்கள். என் ஊகம் வேறு. "பாவம், பையனைச் சங்கடப்படுத்திவிட்டோம்" என்றுதான் அந்த மூத்தவர் விட்டுவிட்டுப் போயிருப்பார். அன்றைக்கே கையை இலைக்கு மேல் நீட்டி, "வேண்டாம் அண்ணே, எனக்கு இது பழக்கமில்லை" என்று சொல்லியிருந்தால், சிரித்துக்கொண்டே அதைத் தன் இலைக்கு மாற்றியிருப்பார். நீங்கள் மறைத்ததால் இருவருக்கும் பேச வழியில்லாமல் போய்விட்டது. திங்கட்கிழமை தேநீர் குடிக்கும்போது நீங்களே பேச்சை எடுங்கள். "அன்றைக்கு ஒளித்து வைத்தேன், தப்புதான். அடுத்த சனிக்கிழமை நீங்களே எனக்கு ஏதாவது சொல்லிக்கொடுங்கள்" என்றால் போதும். மதுரைக்காரரிடம் எதைச் சாப்பிடலாம் என்று யோசனை கேட்டால் பகை நிற்காது.

பழகத்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. கோழி வறுவலோடு ஆயுளை ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் வெறும் அருவருப்பு மட்டும் இருப்பவர் "எங்கிருந்து தொடங்குவது" என்று கேட்க மாட்டார். உங்களுக்கு ஆசை இருக்கிறது, தம்பி. அதை ஒப்புக்கொண்டு மேலே போவோம்.

முதல் நாள் துண்டு எதையும் தொடாதீர்கள். சோற்றில் குடல் குழம்பை மட்டும், துண்டு விழாமல் ஊற்றச் சொல்லுங்கள். பரிமாறுகிறவருக்கு இது புதிய வேண்டுகோள் அல்ல. மிளகும் சோம்பும் தேங்காயும் சேர்ந்த அந்தக் குழம்பு பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று (இந்தக் கிணற்றைப் பாதி தாண்டினாலும் ஆபத்தில்லை).

அடுத்து ஈரல். சூடாக, மிளகு போட்டு, கல்லிலிருந்து இறக்கியதும் சாப்பிட வேண்டும். ஆறினாலோ கூடுதலாக வெந்தாலோ ரப்பர்தான்.

மூளையைக் கடைசிக்கு வைக்கும்படிதான் எல்லோரும் சொல்வார்கள். நான் ஈரலுக்கு அடுத்தபடியாகவே வைப்பேன். பெயர்தான் பயமுறுத்துகிறது, நாக்குக்கு அது பரம சாது. மேலிருக்கும் மெல்லிய சவ்வை உரித்து, மஞ்சள் போட்ட வெந்நீரில் வேகவைத்து, வெங்காயமும் மிளகுத் தூளும் போட்டுக் கல்லில் பிரட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் குழைவாகக் கிளறிய முட்டை என்று சத்தியம் செய்வீர்கள். மென்மைதான் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சுவையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு நீங்கள் ஒளித்து வைத்த அந்தப் பொரியலுக்கு வரலாம். ரத்தம் என்றதும் நீங்கள் எதையோ கற்பனை செய்துவிட்டீர்கள். வெட்டிய சற்று நேரத்தில் அது தானாகவே உறைந்துவிடும். சின்ன வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அதை உதிர்த்துப் போட்டுக் கிளறினால் காப்பித்தூள் நிறத்துக்கு வந்து பொலபொலவென்று நிற்கும். இறக்கும்போது ஒரு கை தேங்காய்த் துருவல். ஈரலின் வாசம் லேசாக இருக்கும். மற்றபடி தேங்காயும் வெங்காயமும்தான் முன்னால் வரும்.

குடல்தான் உண்மையான பரீட்சை. சென்னைப் பக்கம் இதைப் 'போட்டி' என்பார்கள். சாப்பாட்டு மேசையில் நான் ஒப்புக்கொள்ளும் ஒரே போட்டி இதுதான். என் அம்மா ஞாயிற்றுக்கிழமை குடல் கழுவ உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் எழ மாட்டார். துண்டுத் துணிபோல் சொரசொரப்பாக இருக்கும் இரைப்பையைக் கொதிநீரில் முக்கி, கறுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டி எடுப்பார். சிறுகுடலை ஒரு குச்சியில் மாட்டி உள்பக்கத்தை வெளியே திருப்புவார். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்ப்பார், தண்ணீர் மாற்றுவார், மறுபடி தேய்ப்பார். கடைசித் தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை விடமாட்டார். இந்தப் பொறுமை இல்லாத கடையில் குடலைத் தொடக் கூடாது. ஒரு நெடுஞ்சாலைக் கடையில், இரவு பத்து மணிக்கு, பசி வேகத்தில் நான் தொட்டேன். அந்த வாடை மூக்கைவிட்டுப் போக வருடக்கணக்காயிற்று. அன்று முதல் உள்ளுறுப்பு எதுவானாலும் மதியம் மட்டும்தான். காலையில் வெட்டியது, மதியம் தீர்ந்துவிட வேண்டும். உங்கள் ஆறு மேசைக் கடையில் வாசல்வரை ஆள் நிற்பது இதனால்தான் நல்லது. பாத்திரத்தில் எதுவும் தங்காது. சில மெஸ்களில் சின்னச் சின்னத் தட்டுகளை அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். அப்போது கூச்சப்படாமல் குனிந்து பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பிடிக்காததை எடுக்காதீர்கள்.

சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். பச்சையாகச் சுவரில் அடித்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். ஈரலைவிடவும் இதில் இரும்புச்சத்து அதிகம். ரத்தசோகைக்காரர்களுக்குத் தேடி வாங்கி, தணலில் சுட்டுக் கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. உங்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், எனக்கும் பிடிக்காது.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். நன்றாக வெந்ததை மட்டும் சாப்பிடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்றால், 100 கிராம் மூளையில் 1,000 மில்லிகிராமுக்கும் மேல். எனவே மாதம் ஒருமுறை, நான்கு பேருக்கு ஒரு தட்டு. யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பவர்களுக்கு ஈரல், மண்ணீரல் போன்றவை ஆகாது. அந்த மூத்தவருக்கு மூட்டுவலி இருந்தால் அவர் தட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது, வைட்டமின் ஏ அதில் அளவுக்கு மீறி இருக்கிறது.

இன்னொரு கணக்கு. ஓர் ஆட்டுக்கு ஒரு மூளை, ஒரு சுவரொட்டி. அந்தச் சின்னக் கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆடுகளின் தலை வந்துவிடப் போகிறது? சனிக்கிழமை பன்னிரண்டரைக்குள் போய் இடம் பிடியுங்கள். அண்ணனுக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.