அண்ணாச்சி, ஒரு போட்டோ!

அம்பாசமுத்திரம் பக்கம் 1991 முதல் கல்யாணப் படம் எடுத்து வருபவர், கல்யாணம் இல்லாத மாதங்களில் குளத்தங்கரையே கதி என்று கிடப்பவர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஃபிலிம் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு நூறு, நூற்றைம்பது படம். இப்போது நாலாயிரம். எது நல்லது? மழுப்பாமல் சொல்லுங்கள்.
*– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை*

டிஜிட்டல்தான். "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுவேன் என்று நினைத்திருப்பீர்கள், விட மாட்டேன் தம்பி, அந்தக் காலத்தில் பட்ட பயம் பட்டவனுக்குத்தான் தெரியும். நான் எடுபிடியாகச் சேர்ந்த ஸ்டூடியோவில் இருந்தது யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா, கழுத்தில் மாட்டிக்கொண்டு மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும், ஒரு ரோலுக்கு 12 படம். அப்புறம் 35 எம்.எம். வந்தது. 36 படம், ஃபிலிமைச் சிக்கனமாகக் கோத்தால் 37, சமயத்தில் 38 கூட வரும், அந்த இரண்டு படம்தான் எங்களுக்கு லாபம்.

1994இல் என் சித்தி மகள் கல்யாணம். சொந்தக்கார வீடு என்பதால் கொஞ்சம் கெத்தாகவே போனேன். கெட்டிமேளம் கொட்டியாயிற்று, தாலி கட்டியாயிற்று, நான் விடாமல் அமுக்குகிறேன், 36 தாண்டியது, 38 தாண்டியது, 40 ஆயிற்று, ரோல் முடியவில்லை. வயிற்றைக் கலக்கியது. லீவரை இழுக்கும்போது இடப்பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்ற வேண்டும், அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். ஃபிலிம் முனை உருளையில் மாட்டவே இல்லை, ஒரு படம்கூட விழவில்லை. சித்தியிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "தம்பி, தாலியக் கொஞ்சம் பிடிச்ச மாதிரி நில்லுங்க" என்றாள். அந்த ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தைப் பார்த்தால் பின்னால் நிற்கிற ஒருத்தர் கையிலும் அட்சதை இருக்காது, இரண்டு பேர் வெற்றிலை வேறு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

டிஜிட்டலில் இந்தக் கொடுமை இல்லை. ஆனால் நாலாயிரம் எடுத்தால் அதில் மூவாயிரத்து எழுநூறைத் தூக்கிப் போடத் தெரிய வேண்டும், அதற்கு யாரும் கூலி தருவதில்லை. பென்டிரைவில் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள், வீட்டுக்காரரும் மொத்தமாக வாங்கி பீரோவில் வைத்துவிடுகிறார்.

கேள்வி: மகள் கொஞ்சம் நிறம் கம்மி. ஆல்பத்தில் கலர் ஏற்றித் தர முடியுமா?
*– ஒரு தாயார், தென்காசி*

முடியும்மா. செய்ய மாட்டேன். முகத்தை மட்டும் வெளுத்துவிட்டால் தாலி கட்டும் படத்தில் முகம் ஒருத்தியுடையது, கை இன்னொருத்தியுடையது என்று ஆகிவிடும். படத்தில் முகம் இருட்டாக விழுவதற்குப் பாதிக் காரணம் பெண்ணே இல்லை, பக்கத்தில் நிற்கிற பளீர் வெள்ளை வேட்டி. வெள்ளை நிறைய இருந்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று தப்புக்கணக்குப் போட்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முகத்துக்கு அளவு வைத்து எடுக்கத் தெரிந்த ஆளைப் பிடியுங்கள். விடியற்காலை முகூர்த்தம் முடிந்ததும் மண்டபத்து ஜன்னலோரமாகப் பத்து நிமிஷம் உட்கார வைத்து எடுக்கச் சொல்லுங்கள், அரக்குப் பட்டும் தங்கமும் கறுப்பு நிறத்தில் நிற்கிற அழகை அப்புறம் நீங்களே சொல்வீர்கள்.

கேள்வி: கூந்தன்குளத்தில் பறவைகளுக்கு நடுவே பிரீ வெட்டிங் ஷூட் பண்ண ஆசை. கலர் புகை, டிரோன் எல்லாம் வைத்து. எந்த மாதம் நல்லது?
*– மாப்பிள்ளை, வள்ளியூர்*

அந்த ஆசைக்கு எந்த மாதமும் நல்லதில்லை. போன வருஷம் இதே கேள்வியோடு வந்த ஒரு பார்ட்டியின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் வேறு ஆள் வைத்து வேறு குளத்தில் புகை விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்ன செய்ய.

கோபப்படாமல் கேளுங்கள். கூந்தன்குளம் 1994இல்தான் சரணாலயம் ஆனது, ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கும் பறவைகளுக்கும் உள்ள பழக்கம் அதைவிடப் பழசு. தீபாவளிக்கு அங்கே வெடி போட மாட்டார்கள். குளத்துக் கருவேல மரங்களில் இடம் போதாமல் தெருவுக்குள் இருக்கிற மரங்களிலும் கூடு கட்டும், கீழே வாசலில் எச்சம் கொட்டிக்கொண்டே இருக்கும், நாற்றம் தாங்காது, ஒருத்தரும் கல்லெடுக்க மாட்டார்கள். எச்சம் கரைந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாகப் போடுவார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வந்து மீன் ஊட்டி வளர்த்தவர்களும் அந்த ஊரில் உண்டு.

வடகிழக்கு மழை பெய்து, மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து குளம் நிறைந்தால், மார்கழி வாக்கில் மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா எல்லாம் ஜோடி சேர்ந்து கூடு கட்டத் தொடங்கும். குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வரும், இமயமலைக்கு மேலே பறந்து அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பறவை, பார்த்தால் அப்படித் தெரியாது, நம்மூர் வாத்து மாதிரி சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும். பங்குனி வெயிலில் நான் ஒரு முறை கண்காணிப்புக் கோபுரத்தில் காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு நாரை கூட்டின் விளிம்பில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு சிறகையும் பாதி விரித்து வைத்திருக்கிறது. அடியில் மூன்று குஞ்சு. வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, நிழல் குஞ்சுகள் மேலேயே விழுகிறது. ஒன்றரை மணி நேரம். வாயைத் திறந்தபடி இளைக்கிறதே தவிர நகரவில்லை. அப்புறம் ஜோடி வந்தது, கொண்டுவந்ததைக் குஞ்சுகளுக்குக் கக்கிவிட்டு, அதே இடத்தில் அதே மாதிரி நின்றது.

உங்கள் டிரோன் ஒரு தடவை போனால் அந்த நாரை எழுந்துவிடும். திரும்பி வருவதற்குள் குஞ்சு வெயிலில் சுருண்டுவிடலாம், இல்லையென்றால் காக்கை முட்டையைக் கொத்திவிடும். சட்டமும் அனுமதிக்காது, அதை வனத்துறைக்காரர் உங்களுக்கு விளக்கமாகச் சொல்வார். ஆசையென்றால் இரண்டு பேரும் சாதாரண உடுப்பில், ஒரு பைனாகுலரோடு போய்க் கரையில் உட்கார்ந்து பாருங்கள். திருப்புடைமருதூரும் போகலாம். தாமிரபரணிக் கரை, பெரிய பெரிய மருத மரங்கள், கோயிலை ஒட்டியே பறவைகள், ஊர்க்காரர்கள் முன்னின்று 2005இல் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வைத்தார்கள். கோபுரத்துக்குள் இருக்கிற பழைய சுவரோவியங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். படம் வேண்டுமென்றால் உங்கள் ஊர் வயல் வரப்பு போதும், நான் வந்து எடுத்துத் தருகிறேன்.

கேள்வி: பாபநாசம் படித்துறையில் அவுட்டோர் எடுப்பீர்களா?
*– மணப்பெண்ணின் அக்கா, தூத்துக்குடி*

எடுப்பேன், ஆனால் முதல் அரை மணி நேரம் நானும் உதவிப் பையனும் துணி பொறுக்குவோம். பரிகாரம் என்று ஆற்றில் விட்ட வேட்டி, சேலை எல்லாம் பாறைக்குப் பாறை சிக்கிக் கிடக்கும். கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம்தான், எனக்கு மனசு வருவதில்லை, கம்பை விட்டு இழுத்துக் கரையில் போட்டுவிடுவேன். ஒரு தடவை மணப்பெண் தண்ணீரில் காலை வைத்ததும் யாருடையதோ சேலை காலைச் சுற்றிக்கொண்டது, அந்தப் பெண் போட்ட சத்தத்தில் அக்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கேள்வி: தங்கை கல்யாணம் தையில். அப்பாவும் சித்தப்பாவும் வரப்புத் தகராறில் ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. பத்திரிகை வைத்தாயிற்று, சித்தப்பா வருவார். இருவரையும் ஒரே படத்தில் நிறுத்த வழி உண்டா?
*– அண்ணன், சேரன்மகாதேவி*

உண்டு. முதலில், மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் அவர் கை கழுவப் போய்விடுவார். ஆச்சி இருக்கிறார்களா? இருந்தால் மேடை நடுவில் ஒரு நாற்காலி போட்டு ஆச்சியை உட்கார வையுங்கள். "ஆச்சி பெத்த பிள்ளைகள் எல்லாம் வாங்க" என்று போட்டோகிராபரைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லக் கூடாது, வெளியாள் சொல்ல வேண்டும். பெற்ற தாய் உட்கார்ந்திருக்கும்போது வர மாட்டேன் என்று சபையில் ஒருத்தரும் சொல்ல மாட்டார். வயசு வரிசையில் நிற்க வைத்தால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுவார்கள், நடுவில் ஒரு அத்தையை விடுங்கள். அப்புறம், "ஃபிரேமில் அடங்கல, கொஞ்சம் நெருங்கி நில்லுங்க." எல்லாம் நன்றாகவே அடங்கும். எங்கள் தொழிலில் அதிகம் சொல்லப்படும் பொய் இதுதான்.

கல்லிடைக்குறிச்சியில் இப்படி ஒரு படம் எடுத்தேன். மேடைக் கம்பளத்துக்கு அடியில் பலகை ஒரு பக்கம் இறங்கியிருந்திருக்கிறது, ஆச்சியின் நாற்காலி லேசாக ஆடியது. ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் நாற்காலி முதுகைப் பிடித்தார்கள். படத்தில் இரண்டு கைக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடைவெளி. ஆச்சிக்கு நடந்தது எதுவும் தெரியாது, நேராக என்னையே பார்க்கிறார்கள்.

உடனே சேர்ந்துகொண்டார்கள் என்று கதை விட மாட்டேன். இரண்டு வருஷம் கழித்து ஆச்சி காரியத்தில்தான் பேச்சு ஆரம்பித்ததாம், அதுவும் பந்தல்காரருக்கு யார் பணம் கொடுப்பது என்று.

கேள்வி: அம்மா கல்யாண ஆல்பம், 1986. படங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிச் சிவந்துபோயிருக்கின்றன. என்ன செய்யலாம்?
*– வாசகி, திருச்செந்தூர்*

பிய்க்காதீர்கள், முதல் வேலை அது. பசைத்தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடுகிற ஆல்பம் அது, நாங்கள்தான் நாகரிகம் என்று சொல்லி விற்றோம். பிளாஸ்டிக் எளிதாகப் பிரிந்தால் தூக்குங்கள், பிரியாவிட்டால் அப்படியே பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம், 600 டிபிஐ போதும். ஸ்கேனர் இல்லையா, நிழலான திண்ணையில் ஆல்பத்தைப் படுக்க வைத்து, நேர் மேலேயிருந்து, ஃபிளாஷ் இல்லாமல் போனிலேயே எடுங்கள். அடியில் பசை மட்டும் பிடித்திருந்தால், பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூலை ரம்பம் மாதிரி மெதுவாக விட்டு எடுக்கலாம். முக்கியமில்லாத ஒரு படத்தில் முதலில் பழகுங்கள்.

கலர் படம் சாயம், சாயம் மங்கத்தான் செய்யும். தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளையில் நிற்பது வெள்ளித் துகள், அதனால்தான் அது இன்னும் இருக்கிறது. இன்னொன்று, நெகட்டிவ் இருக்கிறதா என்று வீட்டைத் தேடுங்கள். ஆரஞ்சு நிறப் பட்டையாக, ஜாதகக் கட்டுக்குள்ளோ ரேஷன் கார்டு உறைக்குள்ளோ கிடக்கும். கிடைத்தால் பூசணம் பிடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பிரிண்ட் போனாலும் பரவாயில்லை.

கேள்வி: ஆடியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்? கல்யாணச் சாப்பாட்டில் எது பிடிக்கும்?
*– இரண்டு கேள்வி கேட்கும் வாசகர், சங்கரன்கோவில்*

ஆடியில் கோயில் கொடை, பாஸ்போர்ட் சைஸ். மார்கழியில் பாஸ்போர்ட் சைஸ் மட்டும். பிடித்தது மறுவீட்டுச் சொதி, கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். தேங்காய்ப்பால் மந்தத்துக்குத்தான் இஞ்சி என்பார்கள், இருந்தாலும் அதைச் சாப்பிட்டுவிட்டு கேமராவைத் தூக்க முடியாது, அதனால் மறுவீட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு தூக்கக் கலக்கம் இருக்கும்.

கேள்வி: மகன் கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபர், காசு வாங்கிக்கொண்டு பந்தியையும் சமையல்கட்டையும் எடுத்து ஆல்பத்தை ரொப்பி வைத்திருக்கிறார். இது நியாயமா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், கடையநல்லூர்*

ஐயா, நானும் முன்னால் பந்திப் பக்கம் போக மாட்டேன். சாப்பிடுகிறவர்களை எடுத்தால் திட்டுவார்கள், லென்ஸில் ஆவி படியும்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் கடைக்கு வந்தான், இருபத்தைந்து வயசு இருக்கும். அப்பா தவறிவிட்டார், பதினாறாம் நாளுக்கு ஃபிரேம் போடப் படம் வேண்டும். வீட்டில் இருப்பது ஆதார் அட்டைப் படம்தான், அதில் அப்பா மாதிரியே இல்லை என்றான். அவனுடைய பெரியப்பா மகள் கல்யாணத்தை நான்தான் எடுத்திருந்தேன். அந்த ஹார்டு டிஸ்க்கைப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டாயிரத்துச் சொச்சம் படத்தைப் பார்த்தோம். அண்ணன் மகள் கல்யாணம், அப்பா இல்லாமல் இருப்பாரா? இல்லை. மேடையில் இல்லை, குரூப் படத்தில் இல்லை. "அப்பாதான் பந்தி பாத்துக்கிட்டாங்க" என்றான். பந்தியை நான் எடுத்தது ஒரே ஒரு படம், அதுவும் இலையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரிய மனிதருக்காக. அதன் ஓரத்தில் முழங்கை வரைக்கும் ஒரு கை, சாம்பார் வாளி, உள்பக்கம் திருப்பிக் கட்டிய வாட்ச்.

பையன் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது அப்பாதான், அந்த வாட்ச் வீட்ல இருக்கு" என்றான். எட்டுக்குப் பன்னிரண்டு போட்டுக் கொடுத்தேன். ஃபிரேமுக்கு ஆதார் படத்தைத்தான் பெரிதாக்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் கேமராவோடு போய்விடுகிறேன், பரிமாறுகிறவர்களைத்தான் எடுப்பேன். உங்கள் ஆல்பத்தில் எத்தனை பந்திப் படம் இருக்கிறது? நாற்பது என்றால் அதிகம்தான், பத்தைக் குறைத்துக் காசைத் திருப்பிக் கேளுங்கள். அதற்கு முன்னால் அந்தப் படங்களில் வாளி தூக்கி நிற்பது யார் யார் என்று வீட்டம்மாவிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.