டவர் மலைக்கு ஏறட்டும், பழைய பேட்டரி கீழே இறங்கட்டும்

கேள்வி: மலைக்கிராமங்களுக்கெல்லாம் செல்போன் டவர் போடுகிறார்கள். அதில் கழிகிற பழைய சாமான்கள் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் இருக்க என்ன வழி?

பதினோரு வருஷமாக டவர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். பென்னாகரம், ஏரியூர், அரூர் பக்கம்தான் என் சுற்று. டவரே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் ஏறிய கோட்டூர் மலை எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பிரசவ வலி எடுத்தவளுக்காக 108-க்குப் பேச, சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறி நின்றவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். 4ஜி இல்லாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோக 2022-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது எங்கள் குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம்.

குப்பை என்றதும் எல்லோரும் கைப்பேசியை நினைக்கிறார்கள். எனக்கு பேட்டரிதான் கண்ணில் நிற்கிறது. டவர் அடியில் கேபினெட்டைத் திறந்தால் இரண்டு வோல்ட் செல்கள் இருபத்துநாலு வரிசையாக இருக்கும், சேர்ந்து 48 வோல்ட். பெரிய செல் என்றால் ஒன்றைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். உள்ளே ஈயமும் கந்தக அமிலமும். கரண்ட் அடிக்கடி போகிற மலையில் சீக்கிரமே உப்பிவிடும். புது செட் ஜீப்பில் மேலே வந்துவிடும், பழையதை இறக்கக் கூலி ஒதுக்கியிருக்க மாட்டார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு ஒப்பந்தக்காரர் வேலியோரம் போட்டுவிட்டு வரச் சொன்னார். போட்டோம். மூன்று மாதம் கழித்துப் போனால் ஒரு செல்கூட இல்லை. அடிவாரத்தில் பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் உடைத்த கறுப்பு ஓடுகள் குவிந்து கிடந்தன. சட்டியில் ஈயத்தகட்டை உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையிலேயே ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். அன்றைக்கு வாய் திறக்காமல் வந்தது இன்றும் உறுத்துகிறது.

கெட்ட தண்ணீர் என்ன செய்யும் என்று தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். புளோரைடு தண்ணீரில் பல் பழுப்பேறியவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். மறுபடி நிலத்தடி நீரில் ஈயத்தையும் இறக்கிவிட முடியுமா?

சட்டம் இருக்கிறது. பேட்டரிக்கு 2022-ல் வந்த விதிப்படி, தயாரித்து விற்ற கம்பெனிதான் பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு. மற்ற மின்னணுக் கழிவுகளுக்கான புதிய விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மலைமேல் கிடப்பதைக் கீழே கொண்டுவருவது யார்? புது செட்டை ஏற்றிய வண்டியே பழையதை எண்ணி இறக்க வேண்டும், இதுதான் என் பதில். பழைய செல்களின் சீரியல் நம்பர் கிடங்கில் பதிவாகாமல் புதியதற்கு பில் பாஸ் ஆகக் கூடாது. இப்போது நான் இருக்கும் குழுவில் அப்படித்தான் செய்கிறோம், கூடுதலாக ஆகிறது அரை நாள். கேபிளும் அப்படியே, விட்டுவந்தால் தாமிரத்துக்காகக் கொளுத்திவிடுவார்கள்.

வீட்டில் உப்பிய போன் பேட்டரி இருந்தால் குப்பை வண்டியில் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும்.

அப்புறம், டவருக்கு நிலம் வாடகைக்கு விடுபவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். போன மாதம் சித்தேரி அடிவாரத்து விவசாயி ஒருவர் தன்னுடையதைக் கொண்டுவந்து காட்டினார். கழற்றும் பேட்டரி, கேபிள், டீசல் ஜெனரேட்டரின் கழிவு ஆயில் எதையும் நிலத்தில் விடக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.