பணிவிடை வேற, ஊழியம் வேறயா? – ஒரு கடிதமும் பதிலும்

ஸ்தோத்திரம் அண்ணே,

ரெண்டு வருஷமா நீங்க எழுதுறத படிக்கிறேன், கடிதம் எழுதுறது இதான் முதல் தடவ. என் மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமா படுக்கையில இருக்காங்க. குளிப்பாட்டுறது, துணி மாத்துறது, கஞ்சி ஊட்டுறது எல்லாம் நான்தான், வீட்டுக்காரருக்கு வேலை வெளியூர்ல. உபவாச ஜெபம், பெண்கள் ஐக்கியம் எதுக்கும் போக முடியல. போன மாசம் ஒரு சகோதரி, "ஊழியத்துல எவ்ளோ வைராக்கியமா இருந்த, இப்ப இப்படி ஆயிட்டியே"ன்னு கேட்டுட்டாங்க. அன்னைக்கு பிரசங்கம் தேவதூதர்களப் பத்தி, ராப்பகலா சிங்காசனத்துக்கு முன்னாடி நின்னு துதிக்கிறாங்கன்னு. எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு. நான் ஊழியத்த விட்டுட்டேனா அண்ணே? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சி,

விடல. முதல்ல இத சொல்லிடுறேன், காரணத்த அப்புறம் மெதுவா பேசலாம்.

சிங்காசனத்துக்கு முன்னாடி துதிக்கிறது உண்மைதான், வெளிப்படுத்தின விசேஷத்துல இருக்கு, ஆனா அதே தூதருங்க பூமிக்கு இறங்கி வந்தா என்ன வேலை பாக்குறாங்கன்னு யாரும் அவ்வளவா பிரசங்கம் பண்றதில்ல. 1 இராஜாக்கள் 19 எடுத்துக்கோங்க. எலியா தீர்க்கதரிசி தன்னைக் கொல்லத் தேடுன யேசபேல் ராணிக்கு பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடிக்குக் கீழ படுத்து, போதும் ஆண்டவரே என் உயிர எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டு தூங்கிடுறாரு. அங்க வந்த தூதன் ஏன் இப்படி பேசுறன்னு ஒரு வார்த்தை கேக்கல, தட்டி எழுப்பி "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ன்னு மட்டும் சொல்றான், தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும் இருக்கு. அவர் சாப்ட்டுட்டு திரும்பவும் படுத்துக்கிறாரு, தூதன் அதுக்கும் ஒண்ணும் சொல்லல, ரெண்டாந்தரம் வந்து மறுபடி சாப்பாட்டுக்கு எழுப்புறான். பேதுருவ ஜெயில்லேர்ந்து கூட்டிட்டு வந்த தூதனும் அப்படித்தான், சங்கிலி கழண்டு விழுந்ததும் இடுப்பக் கட்டு, செருப்ப மாட்டு, மேல்துணிய போத்திக்கன்னு ஒவ்வொண்ணா சொல்றான், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு பிள்ளைய கிளப்புற அம்மா மாதிரி. நம்ம பைபிள்ல இல்ல, ஆனா கத்தோலிக்க பைபிள்ல தோபித்துன்னு ஒரு புத்தகம் இருக்கு, அதுல ரபேல் தூதர் தான் யாருன்னே சொல்லாம தினக்கூலிக்கு வழித்துணையா போறாரு, போன இடத்துல வர வேண்டிய பணத்தையும் போய் வாங்கிட்டு வர்றாரு.

எபிரெயர் 1:14-ல இவங்களுக்கு ஒரு பேர் இருக்கு, "பணிவிடை ஆவிகள்". ஆதி சபையோட பெரிய போதகர் அகுஸ்தீன் சொன்னது என்னன்னா, தூதர்ங்கிறது அவங்க செய்ற வேலையோட பேரு, அவங்க என்ன மாதிரி படைப்புன்னு கேட்டா ஆவி. பேரே வேலைய வச்சுதான்.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். மாற்கு முதல் அதிகாரத்துல இயேசு வனாந்தரத்துல இருந்தப்போ தூதர்கள் அவருக்கு செஞ்சதுக்கு கிரேக்கத்துல டியாகொனேயோன்னு ஒரு வினைச்சொல். அதே அதிகாரத்துல பேதுருவோட மாமியார் காய்ச்சல் விட்டு எழுந்து வீட்டுக்கு வந்தவங்கள கவனிச்சாங்களே, அதுக்கும் அதே சொல்தான். பத்தாவது அதிகாரத்துல மனுஷகுமாரன் ஊழியம் செய்ய வந்தார்னு வருதே, அங்கயும் அதே சொல். நம்ம தமிழ் பைபிள்ல அந்த அம்மாவுக்கு "பணிவிடை"ன்னும் இயேசுவுக்கு "ஊழியம்"னும் போட்டாங்க, அன்னைக்கு ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான், நாமதான் நாளாவட்டத்துல ஊழியம்னா மைக்கு, மேடை, கன்வென்ஷன்னும் பணிவிடைன்னா அடுப்படின்னும் பிரிச்சு வச்சுட்டோம். சபையில டீக்கன்ங்கிற பதவிப் பேரும் இந்தச் சொல்லு வழியா வந்ததுதான்! இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஒரு சொல்லு சுருங்குனதால எத்தனை பொம்பளைங்க தன்னைத்தானே குற்றவாளியா நினைச்சுட்டு ஞாயித்துக்கிழமை பின் பெஞ்சுல உக்காந்திருக்காங்க.

முரில்லோன்னு ஸ்பெயின்ல ஒரு ஓவியர், 1646-ல செவில் நகரத்து பிரான்சிஸ்கன் மடத்துக்கு ஒரு படம் வரைஞ்சாரு, இப்ப பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கு, போன்ல தேடுனா கிடைக்கும் பாருங்க. ஒரு ஓரத்துல துறவி ஜெபத்துல மெய்மறந்து தரைய விட்டு மேல எழும்பி நிக்கிறாரு. அடுப்படி வேலைய தேவதூதருங்க பாக்குறாங்க, ஒருத்தர் தண்ணி ஜாடியோட நிக்கிறாரு, ஒருத்தர் மசாலா இடிக்கிறாரு, ஒருத்தர் மேசையில தட்டு வைக்கிறாரு. றெக்கையோடயே வேலை நடக்குது. மடத்து அடுப்படிய இவ்வளவு மரியாதையா ஒருத்தர் வரைஞ்சது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா நீங்கதான் அந்த வீட்டு தேவதைன்னு சொல்லி முடிச்சுட எனக்கு மனசில்ல. எங்கப்பா எட்டு மாசம் படுக்கையில இருந்தாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டிப் போடணும், இல்லன்னா படுக்கைப்புண் வந்துடும், ராத்திரி மூணு மணிக்கு அலாரம் அடிக்கிறப்போ ஜெபமெல்லாம் வராது, கோவம்தான் வரும், அந்தக் கோவத்துக்கு அப்புறம் குற்ற உணர்ச்சி வரும். உங்க கடிதத்துல அந்த மூணு மணி சத்தம் எனக்கு கேக்குது. அதனால எனக்கு தோணுறது, அந்த எலியா கதையில இப்போதைக்கு நீங்க தூதன் இல்ல, சூரைச்செடிக்குக் கீழ படுத்திருக்கிற ஆளு. அடையும் தண்ணியும் உங்களுக்கு வரணும், தூக்கமும் வரணும்.

அந்த சகோதரி அடுத்த தடவ கேட்டா கோவப்படாம, தலை குனியாம சொல்லுங்க, "அக்கா, புதன்கிழமை ஒரு ரெண்டு மணி நேரம் எங்க வீட்டுக்கு வந்து அத்தைகூட இருங்க, நான் கொஞ்சம் தூங்கிக்கிறேன்." வந்தாங்கன்னா எப்படி புரட்டணும், எப்படி நிமிர்த்தி உக்கார வச்சு கஞ்சி ஊட்டணும்னு சொல்லிக் குடுங்க. அவங்க வந்தாங்களான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க, காத்துட்டு இருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்